வேலியின் முதுகு

தோட்டம் வரைந்து தர வந்த சேலத்துப் பெண்
பச்சைப் பென்சிலால் புல்வெளி போட்டாள்,
டேலியாவுக்கு ஒரு வளைவு,
கருங்கல் பாவிய பாதை,
சுற்றிலும் இடுப்புயர வெள்ளை மரவேலி.
தாளில் மழை பெய்யவில்லை.

நாகலூர் போகும் சாலையில் எங்கள் பன்னிரண்டு சென்ட்
ஜூனில் நனைந்தால் ஜனவரியில்தான் காய்கிறது.
வெள்ளை பெயின்ட், இரண்டாம் மாதமே
பாசிக்குப் பாய் விரித்த மாதிரி என்றார்
ஆசாரி குழந்தைசாமி.

செவ்வாய்ப்பேட்டை மரக்கடைகளில் ஒரு பகல் முழுக்க அலைந்தோம்.
தேக்கைத் தட்டிப் பார்த்தேன்,
விலையைக் கேட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.
வேங்கையா, வேலிக்கா, என்று கடைக்காரரே சிரித்தார்.
தைலமரம் முறுக்கிக்கொள்ளும்.
சவுக்கு ஸ்டெல்லாவுக்கு ஆகவில்லை:
கல்யாணப் பந்தலைப் பிரிக்க மறந்ததுபோல் இருக்குமாம்.

இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறித் திரும்பி வந்து
பக்கத்து எஸ்டேட்டில் அறுத்த சில்வர் ஓக்கையே வாங்கினோம்.
சில பலகைகளின் ஓரப்பட்டையில்
மிளகுக்கொடி பற்றியிருந்த தழும்பு.

"காட்டெருமை வந்தா?"
"எதுக்கும் நிக்காது சார்.
ஒரு பலகையோட போற மாதிரி லேசா அடிச்சுக்கலாம்.
பலமா அடிச்சா வரிசையே சாயும்."
வீட்டுக்கடன் வாங்கிய அன்று
இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

ஒரே பலகையில் ஆறு நிறம் தீட்டி
வாசலில் சாய்த்து வைத்தாள் ஸ்டெல்லா.
மூடுபனி இறங்கியது.
ஆறும் ஒன்றாகிவிட்டன.
எண்ணெய் மட்டும் போதும் என்று முடிவானது.

பிறகுதான் தெரிந்தது
வேலிக்கு முகம் ஒன்று, முதுகு ஒன்று.
சட்டமும் ஆணி முனையும் முதுகில்.
சாலைக்கு முகம், அதில் சண்டையில்லை.
கிழக்கே பெனடிக்டா டீச்சர்,
ஒன்றரை அடி மண்ணுக்காக
நாலு வருடமாக எங்களோடு பேசாதவர்.

"அந்தம்மாவுக்கு முதுகக் காட்டுங்க" என்றாள் ஸ்டெல்லா.
முதுகு காட்டினால்
தோற்று ஓடியதாக ஆகாதா?
ராத்திரி பத்து மணிவரை யோசித்தோம்.

இப்போது ஆணிகள் எங்களைப் பார்க்கின்றன.
குறுக்குச்சட்டத்தில் காபி டம்ளர் வைக்க முடிகிறது,
அதை யாரும் வரைந்து தரவில்லை.

நேற்றுக் காலை
இரண்டு விரல் இடைவெளி வழியே ஒரு குரல்:
"ஏழாவது பலகை சாஞ்சிருக்கு."

ரசமட்டம் வைத்துப் பார்த்தேன்.
சாய்ந்துதான் இருந்தது.