நானூறாம் நம்பர் தாள்

டின்னில் ஒட்டிய சீட்டு சொல்கிறது:
இருபத்தைந்து டிகிரியில் இருபது நிமிடம்.
எந்த ஊர்க் கணக்கோ.
அவனியாபுரத்தில், தகரக் கூரைக்கடியில்,
பாதிச் சித்திரை.
ஏழாம் நிமிடமே கிண்ணம் புகைந்து
இறுகிப்போனது ரெசின்.
தூக்கி வெளியே வைத்தேன்.
விடிந்து பார்த்தால்
தேன் நிறக் கட்டிக்குள் நிமிர்ந்து நிற்கிறது
நாற்பது ரூபாய் பிரஷ்.

அதனால் ராத்திரிதான் வேலை.
பதினொன்றுக்கு மேல்,
ஹார்டனரைப் பாதியாக்கி,
சொட்டு எண்ணி.
எண்ணுவது ஜெயக்கொடி.
எனக்கு நடுவில் பேச்சு வந்துவிடும்.

கார் என்று சொல்ல
இன்னும் கொஞ்சம் பாக்கி.
மாருதி எண்ணூறின் எஞ்சின்,
கோயம்புத்தூரிலிருந்து லாரியில் வந்த
மூக்கு நீண்ட வெள்ளை ஓடு.
பெட்டியில் எல்லாம் இருந்தது,
டேஷ்போர்டு தவிர.
போன் போட்டேன்.
"அது உங்க இஷ்டத்துக்குங்க" என்றார்கள்.
இஷ்டம் எத்தனை கிலோ எடை என்று
அப்போது தெரியாது.

முதலில் வைத்த தெர்மகோலை
ரெசின் தின்றுவிட்டது.
பிளாஸ்டரில் செதுக்கினேன்.
மீட்டர்களுக்கு மேலே
புருவம்போல் ஒரு மடிப்பு,
உள்பக்கம் சுருட்டி.
ஜெயக்கொடி தலைசாய்த்துப் பார்த்தாள்.
கோரிப்பாளையத்து லேபில் பல்செட் செய்து
பதினாலு வருஷம் வாய்வாயாகப் பார்த்தவள்.
"உள்ள போயிரும். வெளிய வராது."
நான் கேட்கவில்லை.
அது வரவில்லை.

ஆப்பு அடித்தோம், தண்ணீர் விட்டோம்,
ரப்பர் சுத்தியலால்
அங்கிட்டும் இங்கிட்டும் தட்டினோம்.
கடைசியில் அச்சையே
மூன்றாக அறுத்தோம்.
இதுபோல் உலகத்தில் இன்னொன்று கிடையாது
என்று பெருமையாகவும் சொல்லலாம்.
சொன்னேன்.
அவள் பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடி நார் சட்டைக்குள் இறங்கி
முழங்கை மடிப்பில் மூன்று நாள் குடியிருந்தது.
ஊர் வீடுகளுக்குக் கரண்டு மீட்டர் குறிக்கிறவன் நான்.
எப்போதும் தண்ணீர் தரும் வீட்டில்
அன்று நான் சொறிவதைப் பார்த்துவிட்டு
ஜன்னல் வழியே பேசினார்கள்.

பிறகு பட்டி. பிறகு தேய்ப்பு.
எண்பது, நூற்றிருபது, இருநூற்றிருபது,
நானூறு, எண்ணூறு, ஆயிரம்.
தாளின் நம்பர் ஏற ஏற
கைரேகை இறங்கியது.
கறுப்பு அடித்து, மறுபடி தேய்த்து, மெழுகு போட்டு
நாற்பது ராத்திரி.
தலை சீவலாம் அதில்.
ஜெயக்கொடி சீவினாள்.

நெல்பேட்டைப் பழைய கடையில் பொறுக்கிய
நான்கு மீட்டர்களையும்
கொஞ்சம் வானம் பார்க்கச் சாய்த்துப் பதித்தேன்.
பெட்ரோல் முள் மட்டும் தலைகீழ்.
காலியென்றால் நிறைய.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை,
நம்பர் இல்லாத வண்டி,
ரிங் ரோடு.
கப்பலூர்ப் பக்கம் திரும்பியதும்
முதுகுக்குப் பின்னாலிருந்து வெயில் எட்டிப் பார்த்தது.
அவ்வளவுதான்.
முன் கண்ணாடி முழுக்க
டேஷ்போர்டு எழுந்து நின்றது:
நான்கு வட்டம், என் புருவ மடிப்பு,
அவளுடைய வளையல்.
ரோடு அதற்குப் பின்னால் எங்கேயோ.
எதிரே வந்த மணல் லாரி
இடம்மாறிய அறுபதுக்குள்ளிருந்து
புறப்பட்டு வந்தது.

"நிறுத்து" என்றாள்.
நிறுத்தியிருந்தேன்.
ஹாரன் மட்டும் எங்களைத் தாண்டி
வெகுநேரம் போய்க்கொண்டிருந்தது.

என் தோளிலிருந்த துண்டை உருவி
டேஷ்போர்டின் மேல் விரித்தாள்.
ரோடு திரும்பி வந்தது,
புளியமரங்களோடு, ஒரு நாயோடு.
முப்பதைத் தாண்டாமல் வீடு வந்தோம்.

அன்று ராத்திரி ஒரு வாளி,
நானூறாம் நம்பர் தாள்.
ஏற்றிய நம்பர்களையெல்லாம் இறக்க வேண்டும்.
அவள் அந்த முனையில், நான் இந்த முனையில்.
கறுப்புப் பால்போல் வழிந்தது தண்ணீர்.
முதலில் டியூப்லைட் போனது,
பிறகு கூரை,
பிறகு என் மூக்கு.
இரண்டு மணிக்கு
சிலேட்டுப் பலகையாகக் கிடந்தது மொத்தமும்.

மொத்தமும் இல்லை.
இடது ஓரத்தில், கதவுக்கருகே,
ஒரு கையகலத்தை
விரலால் மறைத்துக்கொண்டாள்.
"இங்க தேய்க்காத.
இதுல ரோடு வராது."