புள்ளி

பள்ளத்தூரில் அரவை மில் சுவருக்குப் பின்னால்
ஆறு சிமெண்ட் தொட்டி.
மேலே பச்சை வலை, மீன்கொத்திக்குப் பயந்து.
கப்பி மீனுக்கு ஆயுசு ரெண்டு வருஷம்.
என் நோட்டுக்கு இந்த ஆடியோடு ஏழு.

எனக்கு வேண்டியது ஒரு சிவப்பு.
இருட்டில் வீட்டு முனையில் என் கணவர் பிரேக் மிதிக்கும்போது
லாரியின் பின்விளக்கில் எழும்பும் பாருங்கள், அது.
தலையிலிருந்து வால் நுனிவரை
நடுவில் எங்கும் விட்டுப்போகாமல்.

பெட்டைகள் எல்லாம் ஒரே சாம்பல்.
எதற்குள் சிவப்பு இருக்கிறதென்று வெளியே தெரியாது.
மகன்களை வளர்த்துப் பார்த்துத்தான்
தாயைக் கணிக்க வேண்டும்.
பல தடவை, கணித்து முடிக்கையில்
தாய் இருக்காது.

ஒருமுறை சேர்ந்தால் போதும்,
அந்த ஆணை ஆறு மாதம் வயிற்றில் வைத்திருக்கும்.
அதனால் இருபதாம் நாளே பிரிக்கிறேன்,
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, தேக்கரண்டியால்.
ஒன்று கண் தப்பினால்
நோட்டில் மூன்று பக்கம் பொய்.

மதுரை வியாபாரி நைனா முகமது
"ஒரு சொட்டு மருந்து விடுங்கக்கா, சாம்பலும் செவந்துரும்" என்றார்.
சிவக்கும்.
வாங்கினவர் வீட்டில் பதினைந்தாம் நாள் வெளுக்கும்.
அந்தப் பாட்டிலை எலிமருந்து பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
இன்னும் தூக்கிப் போடவில்லை.

நாலாம் தலைமுறையில் சிவப்பு வந்தது,
கூனும் வந்தது.
தகப்பனுக்கு மகளை, அண்ணனுக்குத் தங்கையை,
நிறம் நழுவிவிடாமல் நெருக்கி நெருக்கிச் சேர்த்தேன்.
இந்த ஊர்ச் செட்டியார் வீடுகளில்
ஒரே கோயில் புள்ளிகளுக்குள் சம்பந்தம் பேச மாட்டார்கள்.
அவர்களுக்கு ஒன்பது கோயில்.
எனக்கு ஆறு தொட்டி.

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு கழிவு.
வால் கிழிந்தது, இடுப்பில் வெளுப்பு விட்டது,
விலாவில் கடுகளவு கறுப்புப் புள்ளி வைத்தது.
கொஞ்ச நாள் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொட்டினேன்.
ஈரத்தரையில் அலகு தட்டுகிற சத்தம்.
நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் பேரூராட்சிக் கொசு ஒழிப்பு அருளானந்து
கேரியரில் வாளி கட்டிக்கொண்டு வந்தார்.
"வேண்டாத மீனு இருக்காமே?"
பூட்டின வீடு முப்பத்திரண்டு, வீட்டுக்கொரு கிணறு.
ஆட்கள் சிங்கப்பூரில், கொசுப்புழு இங்கே.
அவர் நிறம் கேட்கவில்லை.
ஒரு மீன் நாளைக்கு எத்தனை புழு தின்னும் என்றார்.
ஏழு வருஷ நோட்டைப் புரட்டினேன்.
அந்தக் கணக்கு அதில் இல்லை.

போன மாசியில் ஒரு வீடு திறந்தார்கள்,
சாந்திக் கல்யாணத்துக்கு.
கிணறு இறைக்கும் மோட்டார் வைத்தபிறகு
மீனை அள்ளிப் போகச் சொல்லி ஆள் விட்டார்கள்.
கணுக்கால் தண்ணீரில் முன்னூறு இருக்கும்.
எல்லாம் பாசி நிறம், என் சிவப்பு ஒரு நூல்கூட இல்லை.
எவனும் பிரித்து வைக்காமல், எவளும் எழுதிவைக்காமல்
கண்டபடி பெருகிக் கிடந்தவை.
வாளியை வெயிலில் வைத்துக் குனிந்து பார்த்தேன்,
வெகுநேரம், சமையல் ஆட்கள் சிரிக்கும்வரை.

ஒன்றுக்கும் கூன் இல்லை.

மூன்று பெட்டை மட்டும் எடுத்தேன்.
மிச்சத்தை அருளானந்து அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்,
மூடியில்லாத வாளி, வழியெல்லாம் தளும்பத் தளும்ப.

ஐந்தாம் தொட்டி. தாய்: கிணறு.
தகப்பன் என்ற கட்டத்தில்
பேனாவை ஊன்றி யோசித்ததில் ஒரு புள்ளி விழுந்தது.
அப்படியே விட்டிருக்கிறேன்.
குட்டி போட இன்னும் இருபது நாளாவது ஆகும்.
அதுவரை,
கூன் விழுந்த சிவப்புகளுக்கு
வேளாவேளைக்கு இரை போடுகிறேன்.