மூன்றாம் சுற்று

அந்தக் குரங்கு செத்து
அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது.
அதன் சிறுநீரகத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.

புக்கரெஸ்டில், ஆறாம் எண் அறையில்,
முப்பத்தேழு டிகிரிச் சூட்டில்
இளஞ்சிவப்புத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு
ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி
குடுவைத் தரையெங்கும் பாய் விரித்துக் கிடக்கிறது.
வெள்ளிதோறும் பிரித்துத் தனிக்குடித்தனம் வைக்கிறேன்.
மறந்தால்
தண்ணீரை மஞ்சளாக்கிக் காட்டும்.

இந்த வாரம் இரண்டு விருந்தாளிகள்.
ஒன்று, டான்யூப் கழிமுகத்து நாணல் கிராமத்திலிருந்து
பனிப்பெட்டியில் வந்த பன்றி ரத்தம்.
மற்றது, அதே வீட்டுப் பரணில் தொங்கிய சாஸேஜ்.
கட்டைவிரல் நீளம்.

பன்றிகள் இப்போது இல்லை.
மரபணுச் சோதனைக்கு ஒரு நாள் போதும்.
வெள்ளை உடுப்புக்காரர்கள் படகில் போய்
ஏழையும் கொன்று சுண்ணாம்பு தூவிப் புதைத்தார்கள்,
கிறிஸ்துமஸுக்குப் பதினோரு நாள் இருக்க.

சாஸேஜிலும் வைரஸின் பெயர் இருந்தது.
பெயர் இருந்தால் ஆள் இருக்கிறான் என்றா அர்த்தம்?
கல்லறைக் கல்லிலும் பெயர் இருக்கிறது.
ஆள் உண்டா என்று
குரங்கைத்தான் கேட்க வேண்டும்.

தினம் பத்தேகாலுக்கு ஃபியோடோட் அழைக்கிறார்.
நான் பேசக் கூடாது, விதி.
என் எண்ணை யார் கொடுத்தார்களோ.
"மச்சான் நிக்கிஃபோர் கலாட்ஸிலிருந்து கொண்டுவந்தான்.
தின்றதுபோக மிச்சத் தோலை
நான்தான் தொட்டியில் போட்டேன்.
இந்தக் கையால்."

ரத்தம் விட்ட குடுவையில் இரண்டாம் நாளே பதில்.
சேர்த்த சிவப்பணுக்கள்
நோய்ப்பட்ட செல் ஒவ்வொன்றையும் சூழ்ந்து ஒட்டியிருந்தன.
பாடப்புத்தகம் இதை ரோஜா என்கிறது.
எனக்குத் தெரிந்தது
விழுந்த பிளம் பழத்தை மொய்க்கும் குளவிகள்.

சாஸேஜ் குடுவையில்
முதல் சுற்றிலேயே செல்கள் செத்து மிதந்தன.
நெஞ்சு திக்கென்றது.
பிறகு பார்த்தால், உப்பும் புகையும் செய்த வேலை.
நீர்த்து, வடிகட்டி, மறுபடி விட்டேன்.
ஐந்து நாள். ஒன்றுமில்லை.
அதிலிருந்து எடுத்துப் புதுக் குடுவை. ஐந்து நாள்.
இன்னொரு குடுவை.
நுண்ணோக்கியில் நான் தேடியது என்ன,
வைரஸையா, அது இல்லாததையா?
கண்ணுக்குச் சார்பு வரக் கூடாது என்பதால்
அடையாளச் சீட்டுகளை மறைக்கச் சொல்லி
ஸ்மரான்டாவையும் பார்க்கவைத்தேன்.
அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.
பாய் சுருளவில்லை.
சிவப்பணுக்கள் வழிப்போக்கர்போல உருண்டு போயின.

அறிக்கையில் எழுத ஒரே கட்டம்.
"வைரஸ் வளரவில்லை."

பத்தேகால்.
"அப்போ, நான் இல்லையா?"

இந்தக் குடுவையில்,
இந்தக் கட்டைவிரல் நீளத்தில் வளரவில்லை, ஐயா.
தொட்டிக்குப் போன தோல்
சோதனைக்கு வரவில்லை.

அந்தப் பக்கம் வெகுநேரம் காற்று.
எங்கோ ஒரு படகு மோட்டார் இருமி நின்றது.
இத்தனை நாள் நான் விளக்கியதெல்லாம்
அவருக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்திருந்ததோ,
தயங்கித் தயங்கிக் கேட்டார்:
"அந்தக் குரங்குக்கு... எங்கள் இறைச்சியால்
ஒன்றும் ஆகவில்லையே?"

"இல்லை," என்றேன். "நன்றாக இருக்கிறது."

பொய்யா என்று யோசிக்க நேரமில்லை.
வெள்ளிக்கிழமை.
தண்ணீர் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது.