நிறுவைச் சீட்டு

"சீனக்குடாவுக்கு ஒருவழியாய்ச்
சீனாக்காரன் வந்திட்டான்" என்றான் சபுர்தீன்.
லோபெட் லொறியின் முதுகில்
சங்கிலி போட்டுக் கிடந்தது அது.
பீரங்கி இல்லை. எஞ்சின் இல்லை.
மிஞ்சிய இரும்புக்குத்தான் ஏலம்.
நான் எடைமேடைக் கண்ணாடிக்குள்.
வருவதை நிறுப்பேன்,
போவதை நிறுப்பேன்,
கழிப்பேன்.

வெட்டுமுன் சோக்கால் கோடு போடுவான்.
போட்டபடியே தனக்குத்தானே பேச்சு:
முன்தகடு பரவாயில்லை, சாய்த்து வைத்திருக்கிறான்கள்.
பக்கத் தகடு என் சுண்டுவிரல் அகலம்தான்.
மிதக்கவேணும் அல்லவா.
ஆற்றில் மிதக்கிற இரும்புக்குத்
தோல் மெலிசாய்த்தான் வாய்க்கும்.

உயரத்தைக் குறைத்தால் குறி தப்பும்.
குறைத்தார்கள்.
உள்ளே எட்டுப் பேர்
முழங்கால் நாடியில் இடிக்க, முதுகோடு முதுகு.
இறங்குவது பின்கதவால்.
டீசலுக்கு வேறு இடம் கிடைக்காததால்
அந்தக் கதவுக்குள்ளேயும் டீசல்.
"தப்புற வழியில நெருப்ப வச்சவன்
கெட்டவன் இல்ல, தங்கச்சி.
இடம் தேடிக் களைச்சவன்."

மத்தியானம், சோற்றுப் பார்சலில் போனைச் சாய்த்து வைத்துப்
புதுசுகளைக் காட்டினான்.
ஒன்று இதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு பாரம்.
தகடு தடித்திருக்கிறது, நீச்சல் மறந்திருக்கிறது.
இன்னொன்று மூக்குத் தகட்டை விரித்துக்கொண்டு
கடலில் வேகப்படகுபோல் சீறுகிறது;
கரையேறினால் அதற்குப் பயம்.
மேலே பெரிய கோபுரம் வைத்த வண்டியில்
உள்ளே ஓர் ஆள் குறைவு.
அந்த ஆளை எங்கே இறக்கினார்கள் என்று
படத்தில் இல்லை.

பின்னேரம் கூப்பிட்டான்.
பக்கத் தகட்டுக்கு மேல் இன்னொரு தகடு.
தொழிற்சாலை வெல்டிங் இல்லை. பிசிறு பிசிறாய்,
அவசரத்தில் இங்கேயே யாரோ ஒட்டியது.
தண்டவாளத் துண்டு, லொறிச் சேஸ்,
ஓரிடத்தில் உட்புறம் திருப்பிய வீதிப் பலகை:
"கிண்" வரை வாசிக்கலாம்.
சுண்டுவிரலை நம்பாதவர்கள்.
நானும் நம்பியிருக்கமாட்டேன்.

அப்போதுதான் அடையாளம் தெரிந்தது.
வண்டியை அல்ல,
பாரத்தை.

கிண்ணியாவுக்குப் பாலம் வராத காலம்.
பாதை புறப்பட விசில் ஊதியாயிற்று.
மிதக்கவென்றே பிறந்த வண்டி ஒன்று துறைக்கு வந்து
தண்ணீரைப் பார்த்தபடி நின்றது.
ஒட்டுத் தகட்டோடு இறங்கினால் தாழும்.
ஆகவே அதற்கும் பாதைதான்.
பாதைக்கார உதுமாலெவ்வை ஒன்றும் சொல்லவில்லை.
கையை மட்டும் அசைத்தார்.
இறங்கினோம்.
என்னைச் சேர்க்காமல் பதினேழு பேர்,
ஐந்து சைக்கிள், ஒரு மூடை அரிசி.
அக்கரை போய்ச் சேரும் வரைக்கும்
அது எங்கள் இடத்தில் நின்றது.

கழற்றிய ஒட்டுகளைத் தனியாய் நிறுத்தேன்.
தொள்ளாயிரத்து நாற்பது.
சீட்டைத் திருப்பி,
ஆளுக்கு நாற்பத்தைந்து,
சைக்கிளுக்குப் பதினெட்டு,
மூடை ஐம்பது என்று கூட்டினேன்.
தொள்ளாயிரத்து ஐந்து.
முப்பத்தைந்து கிலோ உதைத்தது.
எட்டாம் வகுப்பில் நான் எவ்வளவு இருந்திருப்பேன்?
யாரும் நிறுத்துப் பார்த்ததில்லை.

லொறிச் சாரதி வீரக்கோன் கண்ணாடியில் தட்டினான்.
அவனுக்கு இருட்டுமுன் கந்தளாய் தாண்டவேண்டும்.
வகை: பழைய இரும்பு, கலப்பு
என்று எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.
அடியில் கார்பன் தாள் இருந்ததை
அவன் போன பிறகுதான் கண்டேன்.
கந்தோர்ப் பிரதியில்
மங்கிய நீலத்தில், தலைகீழாய்,
ஐந்து சைக்கிள்.