பாடமாற்றப் படிவம்

டோங்காட்டில் அன்று மழை இல்லை, வெயிலும் இல்லை.
ஆசிரியர் அறைச் சுவரில் ஒளிச் சதுரம் விழுந்தது.
அதற்குள் வரிசையாய்த் தூண்கள்.
என்னுடையது சிவப்பு. நாற்பத்திமூன்று விழுக்காடு.

மாவட்ட அலுவலகத்திலிருந்து வந்தவர்
கடுமையானவர் அல்லர்.
"பதினொன்று பி, கணிதம்" என்று கூப்பிட்டார்.
கையைத் தூக்கினேன்,
பிறந்தபோதே வைத்த பெயர் அதுதான் என்பதுபோல.

அடுத்த தூண் பச்சை, கூரையை இடித்து நின்றது.
கைதட்டினோம். நானும்தான்.
இடைவேளையில் ருபேந்திரன்
தேநீரில் ரஸ்க்கை முக்கியபடி சொன்னான்:
"பதினொரு பேரைக் கணித எழுத்தறிவுக்குத் தள்ளிவிட்டேன், லோகி.
தொகுதியை ஏற்ற முடியாவிட்டால்
பகுதியைக் குறை.
ஆறாம் வகுப்புப் பின்னம்தானே இது."

என் பின்னம்: பதினாறின் கீழே முப்பத்தேழு.

முப்பத்தேழில் சனேலே இருக்கிறான்,
முதல் பாடவேளையில் தூங்குபவன்.
வெள்ளம் குழாய்களைப் பிடுங்கிப் போனதிலிருந்து
விடியுமுன் தண்ணீர் லாரிக்கு வரிசை நிற்பவனும் அவனே.
கிவேஷன் இருக்கிறான், பரவளையத்தை
வளையல்போல் வழுவழுவென்று வரைவான்,
அது அச்சை எங்கே வெட்டுகிறது என்றால் சிரிப்பான்.
இவர்கள் பத்தாம் வகுப்பில் இருந்தபோது
ஏழு மாதம் ஆசிரியர் இல்லை,
நாற்காலிதான் பாடம் நடத்தியது.
நாற்காலிக்கு யாரும் தூண் வரையவில்லை.

'மேம்பாட்டுத் திட்டம்' என்ற கட்டத்தில்
மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.
தண்ணீர் என்று எழுதினேன்.
அழித்துவிட்டு, கூடுதல் பயிற்சி என்று எழுதினேன்.

நோக்வாண்டா.
ஜனவரியில் நான்கு மதிப்பெண், மார்ச்சில் இருபத்தேழு.
இடையில் உள்ள இருபத்துமூன்றையும்
ஒவ்வொன்றாய்ப் பொறுக்கினாள், நான் பார்த்தேன்.
குறையைக் குறையால் பெருக்கினால் ஏன் மிகை வருகிறது
என்று ஒரு வாரம் என்னை விடவில்லை.
தேர்ச்சிக் கோடு முப்பதில்.
கோட்டுக்குக் கீழே நான்கும் இருபத்தேழும்
ஒரே சிவப்பு.

மாதக் கடைசி. முதல்வர் எதுவும் சொல்லவில்லை.
மேசைமேல் ஐந்து படிவங்களை வைத்துவிட்டுப் போனார்.
நான் ஒன்றைத்தான் எடுத்தேன்.
ஒன்றுதானே என்று எடுத்தேன்.

சனிக்கிழமை வகுப்புக்கான தாள் என்று நினைத்தாள் போல.
"எங்கே கையெழுத்துப் போடணும், மேம்?"
விரலால் காட்டினேன்.
விளக்கியது அதற்குப் பிறகுதான்:
புதுப் பாடத்தில் வட்டி, வாடகை, பேருந்து அட்டவணை,
பயனுள்ளது, சுலபம்.
தலையாட்டினாள்.
குழாய் பதிக்கும் எஞ்சினியர் ஆகணும் என்று
முன்பு ஒருமுறை சொன்னவள்,
அதைத் திரும்பச் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.

பதினாறின் கீழே முப்பத்தாறு.
நாற்பத்திநான்கு.
ஒரு பெண்ணுக்கு ஒரு விழுக்காடு,
தசமத்தை விட்டுவிட்டால்.
தூண் வளர்ந்ததை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்,
நகக்கண் அளவு.
நிறம் மாறவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை.
எரித்த கரும்புத் தோட்டத்துச் சாம்பல்
சன்னல் வழியே தாள்களில் உதிர்ந்துகொண்டிருந்தது.
கடைசி பெஞ்சில் நோக்வாண்டா.
வராதே என்று யாரும் சொல்லவில்லையாம்.
மற்றவர்களோடு தேர்வும் எழுதினாள்.

ராத்திரி கரண்ட் இல்லை.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் திருத்தினேன்.
இருபத்தொன்பது.
மறுபடி கூட்டினேன். இருபத்தொன்பதுதான்.
மூன்றாம் கேள்வியில் ஒரு படிக்காவது
ஏதாவது கொடுக்க முடியுமா என்று தேடினேன்,
அவள் கையெழுத்துக்குள் முகத்தை வைத்து.
சாம்பல்தான் ஒட்டியது.

மதிப்பெண் ஏட்டில் அவள் வரிசையை
அளவுகோல் வைத்து நானே அடித்திருந்தேன், நேராக.
அந்தக் கோட்டின் மேலேயே எழுதினேன்.