இரண்டு பதினேழு

இரண்டு பதினேழுக்கு ஃபோன் ஒளிர்ந்தது.
உள்நுழைவது நீங்கள்தானா?
ஆம். இல்லை.
நான் பாயில் கிடக்கிறேன்.
மடிக்கணினி பீரோவுக்குள், புடவைகளுக்கு அடியில்.
ராயக்கோட்டை மண்டிக்குப் போகும் தக்காளி லாரி
வேகத்தடையில் ஏறி இறங்க
கிரேடுகள் ஒன்றையொன்று இடிக்கிற சத்தம்.
இல்லை என்று அமுக்கினேன்.

இரண்டு பத்தொன்பது. நீங்கள்தானா?
இரண்டு இருபது. நீங்கள்தானா?
கல்யாணமாகி ஒன்பது வருடத்தில்
யாரும் என்னை இத்தனை முறை கேட்டதில்லை.

"ஆமான்னு அமுக்கிட்டுத் தூங்கேன் ரத்னா,
நாலு மணிக்கு ஏலம் எனக்கு"
புரண்டு படுத்தான் மாதேஷ்.

அந்த வார்த்தைக்காகத்தான்
எங்கோ ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்,
என் கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு,
என் தூக்கத்தை நம்பி.

கடவுச்சொல் எப்படிப் போனது என்றா கேட்கிறீர்கள்?
மூன்று வருடமாய் ஒரே சொல்.
பையன் பெயரும் பைக் நம்பரும்.
கரண்ட் பில்லுக்கும் அதுதான்,
நகைக்கடைச் சீட்டுக்கும் அதுதான்.
ஒரே சாவியால் ஊரையே பூட்டியிருந்தேன்.
ஓசூர் ஆபீஸிலிருந்து நெல்சன் மூன்று மெயில் போட்டார்:
நீளமாக வையுங்கள், வேறு வேறாக வையுங்கள்.
படித்தேன் என்று டிக் அடித்தேன்.
படிக்கவில்லை.

மாங்கூழ் ஆலையில் நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
அவர்கள் சம்பளம் என் வழியாகத்தான் போகிறது.
பத்மாவதி, டின் மூடும் பிரிவு,
இந்த மாதம் ஓவர்டைம் பதினோரு மணி நேரம்.
முகம் தெரியாது.
வங்கிக் கணக்கின் கடைசி நான்கு எண் தெரியும்.
அந்த நான்கும் வேறு நான்காக மாற
எவ்வளவு நேரமாகும்?

இரண்டு முப்பத்தொன்று.
ஆம் பச்சை. இல்லை சாம்பல்.
இடையில் என் கட்டைவிரல் அகலம்கூட இல்லை.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் சிக்னல்.
நைட்டியோடு ஏறினேன்.
பனி. கோட்டை மலை கறுப்பாக.
ஆறாவது ரிங்கில் எடுத்தார் நெல்சன்,
பின்னால் குழந்தை அழுதது.
திட்டுவார் என்று நினைத்தேன்.
"அமுக்கலியே?"
"இல்ல சார்."
"இல்லியே?"
"இல்ல."
"முடக்கிட்டேன்மா. போய்ப் படுங்க."

படுக்கவில்லை.
பெங்களூர் ரயில் கடந்து போகும்வரை
அங்கேயே நின்று
நான்கு சொற்கள் பொறுக்கினேன்,
ஒன்றுக்கொன்று சொந்தமில்லாதவை.
இந்தக் கவிதையில் தேடாதீர்கள்.

ஏலம் முடிந்து மாதேஷ் வந்தான்.
"என்ன வெச்சே புதுசா?"
கிரேடு என்ன விலைக்குப் போச்சு என்று கேட்டேன்.