நாலாம் எண் மைக்

மூன்றாம் அரங்கை ஏழரைக்கே திறந்துவிட்டேன்.
தார்த்துவில் இன்னும் விடியவில்லை;
நவம்பரில் அதற்கு அவசரம் கிடையாது.
ஆற்றைப் பார்த்த சன்னல்களுக்குக் கறுப்புத் திரை இழுத்து
ப்ரொஜெக்டர் சூடேறும்வரை
கேபிள்களைத் தரையோடு ஒட்டினேன்.
போன வருடம் ஒரு பேராசிரியர் தடுக்கி விழுந்தார்.
நிலச்சரிவு பற்றி ஆராய்பவர்.

இம்முறை சதுப்புநிலக்காரர்கள்.
நூற்றுப் பத்துப் பேர், நூற்று நாற்பது பென் டிரைவ்.
கோப்புகளை முன்கூட்டியே அனுப்புங்கள் என்று
மூன்று முறை எழுதியிருந்தாள் உர்வே.
அனுப்பியவர்கள் ஒன்பது பேர்.
மற்றவர்கள்
ஒரு கையில் காபி, வாயில் "ஒரு சின்ன மாற்றம்."
அந்தச் சின்ன மாற்றத்துக்குள்
நானூறு எம்.பி.யில் ஒரு கொக்கு நடக்கும்,
அவர்கள் லேப்டாப்பில்.
என்னுடையதில் ஒற்றைக் காலில் நின்றுவிடும்.

லாட்வியாக்காரர் கொண்டுவந்த எழுத்துரு எங்களிடம் இல்லை.
அவருடைய அம்புக்குறிகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிட்டன.
சற்றுநேரம் பார்த்தார்.
"இருக்கட்டும்," என்றார்,
"இதுதான் உண்மைக்குக் கிட்டே இருக்கிறது."

யாரும் யோசிக்காத ஒன்று:
சட்டையில் மைக்கைக் குத்திய நொடியிலிருந்து
அவர்கள் என் ஹெட்போனுக்குள் குடியேறிவிடுகிறார்கள்.
அரங்குக்குக் கதவைச் சாத்திவைத்திருப்பேன்.
எனக்குச் சாத்த வழியில்லை.
எச்சில் இறங்குவது, வயிறு புலம்புவது,
வணக்கத்துக்குரிய தலைவர் அவர்களே என்பதை
ஏழு விதமாக உருட்டிப் பார்ப்பது.
ஒருவர் கீழ்த்தளக் கழிவறைவரை என்னைக் கூட்டிப்போனார்.
இரண்டு மாடி.
அலைவரிசை ஓரிடத்திலும் அறுபடவில்லை. நல்ல கருவி.

பதினொன்று இருபதுக்கு வீவே.
முப்பத்தொரு வருடம்
ஒரே சதுப்பில், ஒரே குழாயில், நீர்மட்டம் அளந்தவர்.
ஸ்லைடுகளில் கொக்கு கிடையாது. ஒரு கோடு.
நாலாம் எண்ணைக் காலருக்கடியில் மாட்டினேன்.
படிக்கட்டுப் பக்கம் தனியே போனார்.
நானும் போனேன், காதால்.

மேடையில் எல்லோருக்கும் ஆங்கிலம்.
மூச்சுக்குள் அவருக்கு எங்கள் மொழி.
"அந்த பிப்ரவரியில் பனி இடுப்பளவு. நான் போகவில்லை."
நிறுத்தினார்.
"போகவில்லை. எண்களை வீட்டிலேயே"
நிறுத்தினார்.
மறுபடி, பனியிலிருந்து.

பதினான்காவது ஸ்லைடு.
கோடு அந்தக் குளிர்காலத்தை
ஒரு சுளிவும் இல்லாமல் தாண்டிப் போகிறது.
வீவேயின் வாய் திறந்திருந்தது. ஒலி இல்லை.
ஐந்து நொடி. பத்து.
தலைவர் என்னைப் பார்த்தார்.
பிறகு அரங்கே திரும்பி என்னைப் பார்த்தது,
ஒலி நின்றால் குற்றவாளி யாரென்று
எல்லா நாட்டுக்காரர்களுக்கும் தெரியும்.

பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.
அவர் மூச்சு எனக்குத் தெளிவாகக் கேட்டது,
தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல.

கையை உயர்த்தினேன். என் தவறு என்கிற கை.
நடுப்பாதையில், ஓடாமல், நடந்தேன்.
மேடையேறி அவர் இடுப்புப் பெட்டியைத் திறந்து
நிறைந்த பேட்டரிகள் இரண்டை எடுத்தேன்.
நிறைந்தவை இரண்டைப் போட்டேன்.
ஒன்றை வேண்டுமென்றே தலைகீழாகச் செருகி
மறுபடி எடுத்துத் திருப்பினேன்.
நாற்பது நொடி.
அதற்குமேல் என்னிடம் இல்லை.
"இனிக் கேட்கும்," என்றேன்.
முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

பலகைக்குத் திரும்பும்போதே தொடங்கிவிட்டார்.
"இந்தக் கோட்டில் ஒரு மாதம்
என் சமையலறை மேசையில் வரைந்தது."
இருமல்கூட இல்லை.
மூன்றாம் வரிசையில் லாட்வியாக்காரர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
நான் ஒலியை அரைப்புள்ளி ஏற்றினேன்,
கடைசி வரிசைக்கும் போகட்டும் என்று.

மாலை. மைக்குகள் எண்வாரியாகப் பெட்டிக்குள்.
உர்வே பழுதுப் பதிவேட்டை நீட்டினாள்.
பேனாவை உதறி, நேரத்தை நினைவுபடுத்தி, எழுதினேன்:
11.34. மைக் 4. பேட்டரி தீர்ந்தது. மாற்றப்பட்டது.